ஊரும் புதிது, விருந்தும் புதிது

பழந்தமிழில் ‘விருந்து’ என்னும் சொல் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியமும் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது. புதிதாய் வந்தவர் விருந்தினர். அவருக்கு இடும் உணவும் ஆகுபெயராய் அப்பெயர் பெற்றது. அரபு மொழியில் விருந்தினரைச் சுட்டும் ‘ளைஃப்’ என்னும் சொல்லோ, சாய்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. தம் வழியினின்று நம் பக்கம் சாய்ந்து வருபவர் என்பது கருத்து. வருபவர் புதியவர், வரவேற்பவர் பழையவர். வருபவர் சாய்கிறார், வரவேற்பவர் நிலைத்து நிற்கிறார் என்பதை இவ்விரு சொற்களும் சொல்லாமலே கொண்டுள்ளன. ஆயின், வரவேற்பவரும் அவ்வூருக்குப் புதியவராய், அவர் கால்களே இன்னும் ஊன்றாதனவாய் இருப்பின் விருந்தோம்பற் கடமை என்னவாகும்? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகும் கேள்வி.

இது வெறுங்கற்பனை அன்று. நம் கரையோர ஊர்களிலிருந்து துபாய் சென்ற இளைஞர்கள் எண்ணற்றோர். புதிதாய்ப் போய்ச் சேர்பவர் தேராவிலோ பர்துபாயிலோ ஓர் அறையில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுக்கிறார். அதனைப் ‘பெட் ஸ்பேஸ்’ என்பர். இரண்டடுக்குக் கட்டில்கள், முறை வைத்துக் குளிக்கும் குளியலறை, பங்கு போட்டு நடத்தும் மெஸ். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி, வேலையின் சோதனைக் காலம் 6 மாதம் வரை நீளலாம். அக்காலத்தில் 14 நாள் முன்னறிவிப்போடு வேலையினின்று நீக்கவும் செய்யலாம். இந்நிலையில் இருப்பவரைத் தேடி ஊரிலிருந்து நண்பர்கள் வருகின்றனர். ஒருவர் புர்ஜ் கலீஃபாவைப் பார்க்க வருகிறார். இன்னொருவர் விசிட் விசாவில் வேலை தேடி வருகிறார். விமானத்தினின்று இறங்கியதும் இருவரும் தொலைபேசியில் அழைப்பது இவரைத்தான்.

நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகள் அங்கிருந்து நம்மைக் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், வந்தவரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது கடமை?” கேள்வி நாட்கணக்கைப் பற்றியது போல் தோன்றினும், அதனடியில் வேறொரு வருத்தம் கிடக்கிறது. ‘மறுத்தால் நாம் நன்றிகெட்டவர், ஏற்றால் நாம் தாங்கமாட்டோம்’ என்பதே அது.

நாட்கணக்குக்கு விடை தெளிவானது. விருந்து மூன்று நாள். அதற்கு மேற்பட்டது தருமம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. விருந்தளிப்பவரைப் பாவத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தினர் தங்கியிருத்தல் ஆகாது என்றும், கொடுக்க ஏதுமில்லாதவரிடம் தங்குவதே அவரைப் பாவத்தில் தள்ளுவதாகும் என்றும் அவர்கள் விளக்கினார்கள். இல்லாதவன் கடன் வாங்குவான், பொய் சொல்வான், வந்தவரை மனத்துள் வைவான் என்னும் மனித இயல்பை அறிந்த சொல் இது. பயணியின் தொழுகைச் சட்டமும் இங்கு நினைக்கத் தக்கது. ஓரூரில் 15 நாள் தங்க எண்ணியவர் அங்கே பயணி அல்லர், ‘முகீம்’ என்பது ஹனஃபி மத்ஹபு. வந்த நாளும் போகும் நாளும் நீங்க 4 நாள் என்பது ஷாஃபி மத்ஹபு. அங்ஙனமாயின், 60 நாள் விசாவோடு வேலை தேடி வந்தவர் தம் தொழுகைக்கு உள்ளூர்வாசியாகவும், நண்பரின் மெஸ்ஸுக்கு மட்டும் விருந்தினராகவும் இருத்தல் எவ்வாறு பொருந்தும்?

அடுத்து ஆராய வேண்டுவது உரிமை. நாம் கொடுப்பது நம்முடையதாய் இருந்தால்தான் அது ஈகை. அவ்வறையில் இவருக்குத் தனியுரிமை ஒரு கட்டிலில் மட்டுமே. தரையிலும், குளியலறையிலும், இரவின் அமைதியிலும் மற்ற அனைவரும் பங்காளிகள். கூட்டுப் பொருளில் ஒரு பங்காளி மற்றவரின் பங்கை அவர் இசைவின்றிக் கையாளலாகாது என்பது ஃபிக்ஹு நூல்களில் மாணவர் தொடக்கத்திலேயே ஓதும் பாடம். விடியுமுன் கட்டட வேலைக்குப் புறப்பட வேண்டியவரின் உறக்கத்தை எடுத்து, நம் நண்பருக்கு விருந்தாக இடுவது ஈகையாகாது. அன்றியும், ஒரு வீட்டில் உடன் வசிப்போரின் பெயர்களைப் பதிய வேண்டுமெனத் துபாய் நிலத்துறை 2022 செப்டம்பரில் அறிவித்தது. விதியை மீறி ஆளை ஏற்றும் அறைக்குத் தொல்லை வருமாயின், அது அழைத்தவர் ஒருவரோடு நில்லாது. அறையிலுள்ளோர் அனைவரையும் சேரும். ஆகவே, முதலில் கேட்க வேண்டிய அனுமதி அறைத் தோழர்களின் அனுமதியே.

இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. விருந்தினர் முன் தம் நிலையை மறைக்கும் வழக்கமே அது. நண்பர் வந்ததும் இவர் கடன் வாங்குகிறார். வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வில், தாமே சரிவரக் காணாத நகரத்தைக் காட்டுகிறார். ஒரு திர்ஹத்துக்கு அப்ரா படகில் கடலோடையைக் கடக்கும் இவர், அன்று டாக்சி பிடிக்கிறார். உயர்ந்த உணவகத்தில் பணம் கட்டுகிறார். நண்பர் ஊர் திரும்பி, “அவன் அங்கே ராஜாவாக இருக்கிறான்” என்கிறார். அச்சொல் தெருத்தெருவாக நடக்கிறது. வீட்டார் தங்கையின் திருமணச் செலவைக் கூட்டி எழுதுகின்றனர். பக்கத்து வீட்டுத் தாய் தன் நகையை அடகு வைத்துத் தன் மகனுக்கும் விசா தேடுகிறாள். ஒரு வார உபசாரம், ஒரு குடும்பத்தின் முடிவுக்குச் சாட்சியாகிவிட்டது; அதுவும் பொய்ச்சாட்சி!

இத்தகைய வலிந்த உபசாரத்தை அரபியர் ‘தகல்லுஃப்’ என்பர். தன்மேல் தானே சுமையை ஏற்றிக்கொள்ளுதல் என்று அதற்குப் பொருள். பாரசீகத்தில் பிறந்து அரபியரிடையே அந்நியராய் வாழ்ந்த ஸல்மான் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி இங்கு நினைவுகூரத் தக்கது. தம்மைக் காண வந்த இருவர் முன் அவர்கள் ரொட்டியும் உப்பும் வைத்து, தகல்லுஃப் தடுக்கப்பட்டிராவிடில் மேலும் முயன்றிருப்பேன் என்றார்கள். வந்தவருள் ஒருவர், உப்போடு நறுமண இலை சிறிது இருந்தால் நன்று என்றார். ஸல்மான் (ரலி) தம் ஒளூப் பாத்திரத்தை அடகுக்கு அனுப்பி அதனை வருவித்தார்கள். உண்டு முடித்த விருந்தினர், கிடைத்ததில் நிறைவடையச் செய்த இறைவனைப் புகழ்ந்தார். நீர் நிறைவடைந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிராதே என்று ஸல்மான் (ரலி) சொல்லிவிட்டார்கள். வேண்டியதைக் கொடுத்தார்கள், கொடுத்ததன் விலையையும் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். மதீனாவில் ஓர் அன்ஸாரித் தம்பதியர், பிள்ளைகளை உறங்கவைத்து, விளக்கை அணைத்து, தாமும் உண்பது போல் காட்டி, இருந்த உணவு முழுவதையும் விருந்தினருக்கு ஈந்தனரே. அவர்களும் தம் வறுமையை மறைத்தவரல்லரோ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மறைத்தது யாருக்காக என்று பார்த்தால் வேற்றுமை விளங்கும். அவ்விருளில் அவர்கள் தமக்குப் பெருமை தேடவில்லை. விருந்தினர் கூசாமல் உண்ண வேண்டும் என்பதே நோக்கம். அவ்விருளை நம்பி விருந்தினர் தம் வாழ்வைப் பற்றிய முடிவு எதனையும் எடுக்கவில்லை. ஒரு வேளை உணவுக்காகப் பசியை மறைப்பது அன்பு. தம்மைப் பார்த்து வழி தேர்பவனிடம் வழியின் பள்ளத்தை மறைப்பது வஞ்சனைக்கு நெருக்கமானது.

அங்ஙனமாயின் கதவை அடைத்துவிடுவதா? அன்று. புதியவரையும் வேரூன்றச் செய்வன சில உண்டு. விருந்தோம்பல் அவற்றுள் ஒன்று. வந்தவருக்கு வழி சொல்லும்போதுதான் வழி நமக்கே பதிகிறது. ஒருவருக்குத் தேநீர் கொடுத்த இடம், நாம் வெறுமே உறங்கிய இடத்தினும் நம்முடையதாகிறது. கட்டிலும் காசும் இல்லாதவரிடத்தும் கொடுக்கத் தக்கவை உள. ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்கள் அதனை வாழ்த்தி விடுத்து, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார்கள். வேலை தேடி வருபவருக்கும் சந்தைக்கு வழி காட்டுதலே பெருங்கொடை: எந்த முகவர் ஏமாற்றுவார், எந்தத் தாளில் கையெழுத்திடலாகாது, சோதனைக் காலம் என்பது யாது என்பதைச் சொல்லுதல்.

எனவே, நம்மைக் கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இது: வருமுன்னரே உம் நிலையை எழுதிவிடும். தோழர்களின் இசைவு பெற்று, இயன்ற நாளை முன்னரே வரையறுத்துச் சொல்லும். நீர் உண்பதையே இடும். நீர் செல்லும் படகிலேயே ஏற்றும். நீர் உறங்கும் கட்டிலையும் காட்டும். ஊரிலிருந்து செல்வோர்க்கும் ஒரு சொல் உண்டு. “எங்கே தங்கவைப்பாய்?” என்று கேட்குமுன், “நீ எங்கே தங்கியிருக்கிறாய்?” என்று கேளுங்கள். திரும்பி வந்தபின் அவர் தாயாரிடம் கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். உண்ட உப்புக்கு விருந்தினர் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.