ஏரியில் இட்ட இரை

புண்ணியம் என்பது செய்பவனுடைய எண்ணத்தோடு முடிந்துவிடுகிறதா? அல்லது அச்செய்கை போய்ச் சேருமிடம் வரையில் அவன் அதற்குப் பொறுப்பாளியா? இமயமலைச் சாரலில் உள்ள ரெவால்சர் ஏரிக்கு யாத்திரை செல்லும் உபாசகர் எவரும் இவ்வினாவைச் சந்தித்தே தீரவேண்டும்.

ரெவால்சர், இமாசலப் பிரதேசத்தில் மண்டி நகரிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், 1,360 மீட்டர் உயரத்தில் உள்ளது. திபெத்தியர் இதனைத் தாமரை ஏரி என்னும் பொருள்பட ‘த்ஸோ பேமா’ என்பர். எட்டாம் நூற்றாண்டில் திபெத்துக்குத் தம்மத்தைக் கொண்டு சென்ற பத்மசம்பவரிடம் இப்பகுதி அரசனின் மகள் மந்தாரவை சீடையானாள் என்றும், அதனால் வெகுண்ட அரசன் அவரைத் தீயிலிட்டான் என்றும், தீ நீராகி, அந்நீரில் மலர்ந்த தாமரைமேல் அவர் வீற்றிருந்தார் என்றும் அவர்கள் வரலாறு கூறும். தீ நீராகுமா என்று வழக்காட நாம் அங்குச் செல்லவில்லை. எரிக்க வந்த அரசன் இறுதியில் வணங்கினான் என்ற அளவே நமக்குப் போதுமானது. 2012ஆம் ஆண்டு தலாய் லாமா அவர்கள் திறந்துவைத்த பத்மசம்பவரின் பேருருவச் சிலை மேட்டிலிருந்து அவ்வேரியை நோக்கியிருக்கிறது. கரையிலேயே லோமச முனிவர் கோயிலும், குரு கோவிந்த சிங் வந்து தங்கியதன் நினைவாகச் சீக்கியரின் குருத்துவாராவும் உள்ளன. மூன்று சமயத்தாரும் சச்சரவின்றி ஒரே நீரை வலம் வருகின்றனர். நம் நாட்டில் இது எளிதிற் காணக்கிடைக்கும் காட்சியா?

அம்மூவரும் ஒருமித்துச் செய்யும் காரியம் ஒன்றுண்டு. அது மீன்களுக்கு இரையிடுதல். அவ்வேரியில் மீன் பிடிக்கும் வழக்கமில்லை. ஆதலின் மீன்கள் அச்சமின்றிக் கரையோரம் திரண்டு, வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பொரியும் பிஸ்கோத்தும் மாவுருண்டையும் கைகைகளாக விழுகின்றன. இடுபவர் முகத்தில் தோன்றும் அன்பு பொய்யன்று. ஆனால் உண்ணப்படாத இரை அடியில் தங்கி அழுகுகிறது. அழுகும் பொருள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. ஊர்க் கழிவுநீரும் மலைச்சரிவிலிருந்து வரும் வண்டலும் அதனோடு சேர்கின்றன. 2017ஆம் ஆண்டு அவ்வேரியில் மீன்கள் பெருந்தொகையாகச் செத்து மிதந்தன. பழி முழுவதையும் பொரியின்மேல் சுமத்துவது நியாயமாகாது. பொரிக்கு அதிற் பங்கில்லை என்பதும் உண்மையாகாது.

இங்கே கற்றறிந்த உபாசகர் ஒருவர் நம்மைத் தடுக்கக்கூடும். “கலம் கழுவிய நீரைக் குட்டையில் ஊற்றுபவன், அங்குள்ள சிற்றுயிர்கள் இதை உண்டு வாழட்டும் என்று நினைத்து ஊற்றினால், அதுவும் புண்ணியமே என்று பகவர் வச்சகோத்தனுக்குச் சொல்லவில்லையா? சேதனையே கருமம் என்பதும் அவர் வாக்குத்தானே?” என்பார். மெய்தான். அங்குத்தர நிகாயத்தில் அவ்வாறே உள்ளது. ஆனால் அந்நினைவின் உட்பொருளைப் பாருங்கள். உயிர்கள் வாழட்டும் என்பதன்றோ அது? வாழவில்லை, மூச்சு முட்டுகின்றன என்று அறிந்த பின்னும் இடுகிறவனுடைய நினைவு மீனைப் பற்றியதா, தன் புண்ணியக் கணக்கைப் பற்றியதா? அறியாமல் இட்டவரை நாம் குறை கூறவில்லை. அறியும் வழி இருந்தும் கேளாமல் இடுவதைப் பற்றியே பேசுகிறோம்.

தம் மைந்தர் ராகுலருக்குப் பகவர் கண்ணாடியைக் காட்டி உபதேசித்ததை நினைவுகூர்க. செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்தபின்னும் பார். தனக்கோ பிறர்க்கோ துன்பம் விளைகிறதா என்று ஆராய் என்றார். யாத்திரிகர் இவற்றுள் முதலிரண்டையும் செய்யக்கூடும். மூன்றாவது அவருக்கு வாய்ப்பதில்லை. காலையில் இரையிட்டவர் மாலைப் பேருந்தில் மண்டிக்கு இறங்கிவிடுகிறார். ஏரி அங்கேயே இருக்கிறது. எனவே ஊரில் வாழ்பவரிடம் கேட்டறிவது அவர் கடமையாகிறது. நூலாலையில் நாம் இருபதாண்டுகளுக்கு மேல் அறுந்த இழையை ஒட்டி வாழ்ந்தவர்கள். ஒட்டிய இழை நின்றதா என்று ஒருகணம் பாராமல் அடுத்த கதிருக்கு நகர்ந்த தொழிலாளியை எந்த மேஸ்திரியும் நல்லவன் என்று சொன்னதில்லை. அவன் மனம் எத்தனை நல்லதாயினும்.

நம்மவர்க்கு இதில் வேறொரு எச்சரிக்கையும் உண்டு. ஆற்றில் மூழ்கிப் பாவம் போக்கும் வழக்கத்தை விட்டு வந்தவர்கள் நாம். பாஹுகை ஆற்றில் நீராட வருகிறீரா என்று கேட்ட சுந்தரிக பாரத்துவாசனுக்குப் பகவர் அளித்த மறுமொழியை மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். ஆயினும் பாவத்தை நீரில் விட்டு வருவதற்கும், பத்து ரூபாய்ப் பிஸ்கோத்தை நீரில் இட்டுப் புண்ணியத்தை எடுத்துக்கொண்டு வருவதற்கும் எவ்வளவு தூரம்? இரண்டிலும் நீரை எவரும் பார்ப்பதில்லை. மகாபரிநிர்வாண சூத்திரத்தில் பகவர் தாம் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், அறம் உரைத்த இடம், மறைந்த இடம் ஆகிய நான்கையும் சிரத்தையுள்ளோர் காணத்தக்கவை என்றே குறித்தார். காணுதலே அங்குக் கூறப்பட்ட முதற்செயல்.

எனவே இவ்வாண்டு நம்முடன் புறப்படுவோரிடம், ஏரியை வலம் வாருங்கள், கரையில் அமர்ந்து மைத்திரி பாவனை செய்யுங்கள், கண்ட காகிதத்தையும் பையையும் பொறுக்கி வாருங்கள், நீரில் ஒன்றும் இடாதீர் என்று சொல்லி வருகிறோம். அப்படியானால் கரையில் பொரி விற்பவர்களின் பிழைப்பு என்னாவது என்று ஓர் உபாசிகை கேட்டார். தக்க கேள்வி. “வாங்குங்கள் அம்மா, ஒன்றுக்கு இரண்டாகவே வாங்குங்கள், பேருந்தில் வரும்போது எல்லோருமாக உண்போம்” என்றோம்.