ஊசி இல்லாத விரல்கள்

கண்ணின் காவல் வேண்டாத வேலையைத்தான் கை நடந்துகொண்டே செய்யும். விரல் பின்னலில் நான்கு விரல்களே ஊசி. நூலை அவற்றின் ஊடே முன்னும் பின்னுமாகச் சுற்றி, கீழ்க்கண்ணியை மேல்கண்ணிக்கு மேலாகத் தூக்கி விரலின் பின்புறம் விட்டால் ஒரு வரிசை முடிந்தது. தடுக்கி விழுந்தாலும் குத்த எதுவும் இல்லை. ஓட்டமும் பின்னலும் ஒன்றாய் நடக்கும் என்பதை அமெரிக்காவின் டேவிட் பாப்காக் 2013-இல் காட்டினார். கன்சாஸ் சிட்டி மாரத்தானின் 42 கிலோமீட்டரை ஓடியபடியே 12 அடிக்கும் மேல் நீளமான கழுத்துத்துணியைப் பின்னினார்.

வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் கண்ணின் காவல் வேண்டும் கை, வேண்டாத கை என இருவகைக் கைகளும் உண்டு. காலணியின் மேல்பாகத்தை வீட்டில் தைக்கும் பெண்களுக்கு ஊசி வேண்டும், வெளிச்சம் வேண்டும், உட்கார இடம் வேண்டும். துணியில் தவறான துளை மறைந்துவிடும். தோலில் அது நிலைத்துவிடும். பூக்கட்டும் கைக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. மொட்டுகளை எதிரெதிராக வைத்து, நூலை விரலில் வளையமாக்கிக் காம்பின்மேல் மாட்டி இறுக்கினால் கண்ணி விழுந்துவிடும். கண் தெருவில் இருக்கலாம், வாய் விலை பேசலாம். இதைத் தொழில்திறன் என்று பெரும்பாலும் யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பது வேறு கதை.

நகரும் கைக்குச் சிக்கல் வேகத்தில் இல்லை, இறுக்கத்தில்தான். நூலை ஒரே அளவில் இழுத்துப் பிடித்தால்தான் கண்ணிகள் சீராக விழும். உடல் குலுங்கும்போது அந்தப் பிடி மாறுகிறது. அதனால் பருமனான நூலும் அகலமான கண்ணியும் ஓடுபவருக்கு ஏற்றவை.