டீச்சர் கேட்டால் மறுக்க முடியுமா?

1981 ஜூலை 29 அன்று லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இளவரசி டயானாவின் திருமணம் நடந்தபோது, மணப்பெண் தோழியராக ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் மிகச் சிறியவளுக்கு ஐந்து வயது. வின்ஸ்டன் சர்ச்சிலின் கொள்ளுப்பேத்தி என்பது அவளுடைய குடும்பப் பெருமை. டயானாவுக்கோ அவள், யங் இங்கிலாந்து மழலையர் பள்ளியில் தான் பார்த்துக்கொண்ட குழந்தை. கல்யாண உடையோடு டயானா குனிந்து அவளைத் தேற்றும் படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

தன் திருமணத்தில் மாணவி ஒருத்தி பூக்கூடை ஏந்தி முன்னே நடக்க வேண்டும் என்று ஆசிரியை ஆசைப்படுவது அன்பினால்தான். நெல்லை, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவத் திருமணங்களில் வெள்ளை நெட் ஃபிராக்கும் தலையில் பூ வளையமுமாக ‘ஃபிளவர் கேர்ள்’ நடந்து வருவது பழகிய காட்சி. அவள் அண்ணன் மகளாகவோ அக்காள் மகளாகவோ இருந்தால் சிக்கலே இல்லை. ஆலய வாசலில் மிரண்டு அழுதால் சித்தியோ அத்தையோ தூக்கிக்கொள்வார்கள். மறுநாள் அதை யாரும் மனதில் வைத்திருப்பதில்லை.

வகுப்பிலிருந்து அழைப்பது வேறு. கேட்பவர்தான் திங்கட்கிழமை நோட்டுத் திருத்தப் போகிறவர். “பாப்பாவ அனுப்புவீங்களாம்மா?” என்று அவர் சிரித்த முகமாகக் கேட்டால், “முடியாது டீச்சர்” என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? கையில் பணமில்லை என்று சொல்லக் கூசி, கடன் வாங்கியாவது ஃபிராக் தைத்துவிடுவார்கள். உடைச் செலவு மணவீட்டாருடையது என்று முதல் பேச்சிலேயே ஆசிரியை சொல்லிவிட வேண்டும்.

பணத்தைவிடக் கனமானது, அழைக்கப்படாத பிள்ளைகளின் மனம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் பூக்கூடை கிடைத்தால், மற்ற பிள்ளைகள் காரணம் தேடத்தான் செய்வார்கள். ஏழு வயதுப் பிள்ளை அந்தக் காரணத்தைத் தன் நிறத்தில் தேடும், தன் தலைமுடியில் தேடும், அப்பாவின் வேலையில் தேடும். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்காது என்பதைப் பிள்ளைகள் பழகிக்கொள்ள வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழகத்தான் வேண்டும். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் தோற்ற பிள்ளைக்கு, யார் முதலில் கோட்டைத் தொட்டார்கள் என்று கண்ணால் பார்த்த ஆறுதலாவது உண்டு. இங்கே அதுவும் கிடையாது. “மிஸ்ஸுக்கு அவளைத்தான் பிடிக்கும்” என்ற சந்தேகத்துக்குக் கல்யாணப் படமே சாட்சியாகிவிடும்.

டயானா தன் திருமணத்தின்போது அந்தப் பள்ளியில் வேலையில் இல்லை, நிச்சயதார்த்தத்தோடு விட்டுவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டவளும் மற்றவர்களும் மறுபடி அவர் முன்னால் உட்கார வேண்டியிருக்கவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியைக்கு அந்த விடுதலை இல்லை. தன் வகுப்பை விட்டுப் போய்விட்ட மாணவியை அவர் அழைக்கலாம். அல்லது வரவேற்பில் ஒரு பாட்டுப் பாட வகுப்பையே அழைக்கலாம். ஒருத்தியை மட்டும் பிரித்தெடுப்பது, எவ்வளவு அன்போடு செய்தாலும், தவறு.

பழைய மாணவியே ஆனாலும் குழந்தையின் சம்மதம் என்று ஒன்று இருக்கிறது. பிடித்த டீச்சர் கேட்டால் ஐந்து வயதுக் குழந்தை எதற்கும் தலையாட்டும். அதைச் சம்மதம் என்று எழுதிவைத்துக்கொள்ள முடியாது. அன்று காலை, ஆர்கன் ஒலிக்கத் தொடங்கி, இரு பக்கமும் முகங்கள் திரும்பும்போது, அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தால் அந்த மறுப்புத்தான் செல்லும். வீடியோகாரர் “போ பாப்பா, போ” என்பார். உறவினர் முதுகில் கைவைத்துத் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் மணப்பெண்ணால் எதுவும் செய்ய இயலாது. ஆகவே முந்தின நாளே நம்பகமான ஒருவரிடம் அவர் சொல்லிவைத்திருக்க வேண்டும்: பிள்ளை வேண்டாமென்றால் கூடையை வாங்கிக்கொண்டு அவளை அம்மாவோடு உட்காரவிடு, ஊர்வலம் கூடை இல்லாமலே போகட்டும்.