ஒரே அறையில் நால்வர்

1964 டிசம்பர் 9. நியூஜெர்சியின் வான் கெல்டர் ஸ்டுடியோவில் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் நால்வர் குழு கூடியது. சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ். ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பம் அந்த ஒரே நாள் பதிவில் உருவானது.

இப்படி எல்லாரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வது நமக்கும் புதிதல்ல. தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் வரும் கோடம்பாக்கத்தில், எம்.எஸ்.விஸ்வநாதன் காலத்துப் பாடல்கள் அப்படித்தான் பிறந்தன. வயலின்கள், தபேலா, புல்லாங்குழல், பாடகர் எல்லாரும் ஒரே மூச்சில். சரணத்தின் கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் பல்லவியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். குழலோசை எடுபடவில்லையா, வாசிப்பவர் மைக்கை நோக்கி ஓரடி முன்னே வருவார்.

இன்று சேலையூர், குரோம்பேட்டை மாடியறைகளில் இளைஞர்கள் தனித்தனியாகப் பதிவு செய்கிறார்கள். கிடார் ஒரு நாள், டிரம்ஸ் வேறொரு நாள். வேலைக்குப் போய்க்கொண்டே இசைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கிடார்காரரின் விரலைப் பார்த்து, இம்மியளவு காத்திருந்து டிரம்ஸில் விழும் அடி தனியறையில் அமையாது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரும் கடக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வையிலிருந்து வரும் அடி அது.

சேர்ந்து வாசித்தால் ஒருவர் மைக்கில் அடுத்தவர் ஒலி கசியும். பிறகு பிரித்துத் திருத்துவது கடினம். கசியட்டும். அடுத்த ஆல்பத்தில் ஒரு பாட்டையாவது நால்வரும் ஒரே அறையில் வாசியுங்கள், பிசகினால் முதலிலிருந்து.