ஒரே சாலை, வேறு வேறு பொழுது

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பிரிட்லிங்டன் என்றொரு கடலோர ஊர் இருக்கிறது. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகள் தொடங்கிவிடும். இவற்றுக்கு உயரம் அதிகமில்லை. மிக உயர்ந்த இடமான காரோபி ஹில்கூட 250 மீட்டரை எட்டாது. பெய்யும் மழையைச் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிக்கொள்வதால் பள்ளத்தாக்குகளில் ஆறு ஓடுவது அபூர்வம். பனியுகத்தில் உருகி வழிந்த நீர் அரித்த பள்ளங்கள் இன்று புல் மூடி வறண்டு கிடக்கின்றன. மேட்டு நிலத்தில் கோதுமையும் பார்லியும் விளைகின்றன. வயல்களுக்கு நடுவே, இருபுறமும் உயிர்வேலி அடர்ந்த சின்னச் சின்னச் சாலைகள் போகின்றன. சில சாலைகளில் அரை மணி நேரம் நின்றாலும் ஒரு வண்டி வராது.

கலிஃபோர்னியாவின் நீச்சல் குளங்களை வரைந்து உலகப் புகழ் பெற்ற டேவிட் ஹாக்னி, அறுபது வயதுக்குப் பின் இந்தச் சாலைகளில்தான் தன் வாழ்நாளின் மிகப் பெரிய ஓவியங்கள் சிலவற்றைக் கண்டெடுத்தார். பயணம் ஒரு கலைஞனுக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டால், புதிய காட்சிகளைக் கொடுக்கிறது என்றே பெரும்பாலும் பதில் வரும். ஹாக்னியின் கதையை நிதானமாகப் பார்த்தால் அந்தப் பதில் போதவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு ஊற்றாக இருந்தது மீண்டும் மீண்டும் போன பழைய வழி.

அவர் பிறந்தது 1937இல், அதே யார்க்‌ஷயரின் மேற்கே உள்ள பிராட்ஃபோர்டு என்ற ஆலை நகரத்தில். பள்ளிப் பருவத்தில் கோடை விடுமுறைக்கு வோல்ட்ஸ் பண்ணைகளில் அறுவடை வேலைக்கு வந்திருக்கிறார்; சைக்கிளில் சுற்றியிருக்கிறார். குன்றின் ஏற்றத்தைக் கால்தசை அறிந்த பிறகே கண் அறிந்தது. பின்னர் 1964இல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அந்த நகரத்தில் காரில்லாமல் ஒரு வேலையும் நடக்காது. குன்றின் மேல் வீடு, கீழே நகரத்துக்குள் ஓவியக்கூடம் என்று அமைந்தபோது, தினமும் வளைந்து வளைந்து இறங்கி ஏறும் அந்த வழியே 1980இல் ‘மல்ஹாலண்ட் டிரைவ்: ஸ்டூடியோவுக்குப் போகும் சாலை’ என்ற ஓவியமாயிற்று. ஆறு மீட்டருக்கு மேல் அகலம். எதிரே எதையும் வைத்துக்கொள்ளாமல் நினைவிலிருந்தே வரைந்தது. அதில் சாலை தூரத்தில் ஒரு புள்ளியில் போய் மறைவதில்லை. படத்தின் குறுக்கே நெளிந்து ஓடுகிறது. ஒரு மரத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், ஒரு மேட்டை மேலிருந்து பார்க்கிறோம், தொலைவில் உள்ள நகரமோ வரைபடத்துக் கட்டங்களாகத் தெரிகிறது. அந்த வழியே வண்டி ஓட்டுகிறவன் மனத்தில் தங்குவதும் இப்படித்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இதில் இருக்கிறது. ஐரோப்பிய ஓவியம் பல நூற்றாண்டுகளாகப் பின்பற்றிய முறையில் பார்ப்பவன் ஓரிடத்தில் நின்று, அசையாத ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்க்கிறான். கோடுகளெல்லாம் தொலைவில் ஒரே புள்ளியில் சேரும். கேமராவும் அதையே செய்கிறது. நாம் அப்படிப் பார்ப்பதில்லை என்பதே ஹாக்னி வாழ்நாள் முழுக்க நடத்திய வழக்கு. நமக்கு இரண்டு கண்கள், அவை ஓயாமல் அலைகின்றன, உடம்பும் நகர்கிறது, சற்று முன் பார்த்தது இப்போது பார்ப்பதோடு கலக்கிறது. 1986இல் பாலைவனச் சாலை ஒன்றின் சந்திப்பை எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு புகைப்படங்களால் ஒட்டி உருவாக்கிய ‘பேர்ப்ளாசம் ஹைவே’யில் இந்த எண்ணம் நன்றாகத் தெரியும். வலது பாதி ஓட்டுநருடையது: நில், திரும்பு என்று சொல்லும் பலகைகள். இடது பாதி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது: புதர், குப்பை, வானம். ஒரே வண்டியில் போகும் இருவர் இரண்டு சாலைகளைப் பார்க்கிறார்கள்.

யார்க்‌ஷயருக்கு அவரை மறுபடி இழுத்து வந்தது ஒரு துயரம். சால்டேர் என்ற ஊரில் மூடிக் கிடந்த பழைய நெசவாலையைக் கலைக்கூடமாக மாற்றியவர் ஜோனதன் சில்வர். ஹாக்னியின் நெருங்கிய நண்பர். 1997இல் புற்றுநோய் முற்றி வெதர்பி ஊரில் படுத்திருந்தார். வயதான தாய் வாழ்ந்த பிரிட்லிங்டனில் தங்கிய ஹாக்னி, குன்றுகளைக் கடந்து நண்பரைப் பார்க்கப் போய்த் திரும்புவதை வழக்கமாக்கிக்கொண்டார். யார்க்‌ஷயரை வரையேன் என்று சில்வர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில், போகும்போதும் வரும்போதும் பயிர் பச்சையிலிருந்து பொன்னிறமாகி, அறுவடையாகி, மண் தெரிந்தது. ‘வோல்ட்ஸைக் கடக்கும் சாலை’ அப்போது பிறந்தது. சில்வர் அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். மறு ஆண்டு வரைந்த ‘காரோபி ஹில்’லில் ஊதாச் சாலை ஒன்று குன்றிலிருந்து சரிந்து, கீழே ஒட்டுத்துணி போல விரிந்த வயல்களுக்குள் பாய்கிறது. வண்டி உச்சியைத் தாண்டியதும் வயிற்றில் ஏற்படும் அந்த இறக்கம் படத்திலேயே இருக்கிறது. இதுவும் லாஸ் ஏஞ்சலஸ் ஓவியக்கூடத்தில் நினைவிலிருந்து எழுந்ததே.

இந்த முதற்கட்ட ஓவியங்களில் நான் காண்பது ஓட்டத்தின் நினைவு. நின்று பார்த்த பார்வை அவற்றில் இல்லை. வேலியில் என்னென்ன செடி என்று காரோபி ஹில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த கட்டத்துக்கு வண்டியிலிருந்து இறங்க வேண்டியிருந்தது.

அவர் இறங்கினார். 2004 வசந்தத்தில் ஒரு சிறு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரப் புற்களை ஒவ்வொன்றாக வரைந்தார். நீர்வண்ணத்தை எடுத்தார். நீர்வண்ணம் திருத்தத்துக்கு இடம் கொடுக்காது. வைத்த தீற்று வைத்ததுதான். அதனால் வைப்பதற்கு முன் பார்த்தாக வேண்டும். பிறகு தைல வண்ணத்தோடு வெளியில் போனார். பெரிய படத்தை வயல்வெளியில் காற்றில் நிறுத்த முடியாது. ஆகவே பல சிறு கித்தான்களைத் தனித்தனியே வரைந்து சேர்க்கும் வழியைக் கண்டார். 2006இல் ‘வோல்ட்கேட் வுட்ஸ்’ வரிசையில் ஆறு கித்தான்கள் சேர்ந்து ஒரு படம். ஒரே இடம், வழிகள் பிரியும் அதே காடு, வெவ்வேறு மாதங்கள். 2007இல் ‘வார்ட்டர் அருகே பெரிய மரங்கள்’: 50 கித்தான்கள், ஏறத்தாழ 12 மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம். முழுப் படத்தையும் விரித்துப் பார்க்க இடமே இல்லாததால், முடிந்த பகுதிகளைப் புகைப்படமெடுத்துக் கணினியில் இணைத்துப் பார்த்தபடி வேலை செய்தார். இலை விட்டால் கிளைகளின் பின்னல் மறைந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். 2008இல் அதை டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார்.

அந்த அவசரத்தில்தான் விஷயம் இருக்கிறது. தென் கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவருக்குப் பருவம் என்பது மறந்துபோன ஒன்று. வடக்கு இங்கிலாந்தில் நிலமும் பொழுதும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றைவிட்டு மற்றொன்றை வரைய முடியாது. மே மாதம் ஹாதார்ன் முட்செடிகள் வேலி முழுக்க வெண்ணிறமாகப் பூக்கும். சில நாள் வெயில், ஒரு நல்ல மழை, அவ்வளவுதான். அதற்காக விடியலுக்கு முன்பே ஆட்களோடு கிளம்பிவிடுவார். எந்தத் திருப்பத்தில் எந்தச் செடி முதலில் பூக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஒருமுறை வந்துபோகும் பயணிக்குக் கிட்டாது.

பிரிட்லிங்டனிலிருந்து மேற்கே போகும் வோல்ட்கேட், ரோமானியர் காலத்துச் சாலை. பார்ப்பதற்குச் சாதாரணம். அதையே 2011இல் ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை ஐபேடில் வரைந்தார். விரல் நுனியிலேயே எல்லா வண்ணமும் இருப்பதால், மாறும் ஒளியை விரட்டிப் பிடிக்க அது உதவியது. அவற்றில் 51 படங்களும், 32 கித்தான்கள் கொண்ட ஒரு பெரிய தைல ஓவியமும் சேர்ந்து ‘வோல்ட்கேட்டுக்கு வசந்தம் வந்தது’ என்ற ஒரே படைப்பாக, 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் ஒரு பெரிய அறையை நிறைத்தன. பச்சை இவ்வளவு பச்சையா, ஊதா இவ்வளவு ஊதாவா என்று முகம் சுளித்த விமர்சகர்கள் உண்டு. எனக்கு அந்த நிறங்கள் மிகையாகப் படவில்லை. நீண்ட குளிர்காலத்தைப் பொறுத்திருந்த கண்ணுக்கு முதல் தளிர் அப்படித்தான் தெரியும்.

அதே காலத்தில் இன்னொன்றும் செய்தார். வண்டியில் ஒன்பது கேமராக்களை மும்மூன்றாகப் பொருத்தி, வோல்ட்கேட்டில் மிக மெதுவாக ஓட்டச் செய்தார். ஒவ்வொரு கேமராவின் கோணமும் சற்றே மாறியிருக்கும். ஒன்பது திரைகளில் ஒருசேரப் பார்க்கும்போது இலைகள் திரைக்குத் திரை சரியாகப் பொருந்துவதில்லை. அதனால் கண் ஓரிடத்தில் நிற்க முடியாமல் அலைகிறது. நான்கு பருவங்களுக்குமாக 36 திரைகள். ஒற்றைக் கண் என்று அவர் குறை சொன்ன கேமராவையே இப்படி அலைய வைத்தார்.

பிறகு சாலையோரத்தில் அவர் பலமுறை வரைந்த ஒரு பட்ட மரத்தை யாரோ சாயத்தால் கிறுக்கி, வெட்டிச் சாய்த்தார்கள். அவர் அதையும் கரித்துண்டால் வரைந்தார். 2013இன் வசந்தம் 25 கரித்துண்டுச் சித்திரங்களாயிற்று. நிறம் அறவே இல்லை. அதே வோல்ட்கேட், அதே வேலிகள்.

2019இல் பிரான்சின் நார்மண்டியில் ஒரு பழைய பண்ணை வீட்டில் குடியேறியபோது அவருக்கு எண்பது கடந்திருந்தது. அங்கே சாலைகளில் அலையவில்லை. வீட்டைச் சுற்றியிருந்த மரங்களையும் குளத்தையும் ஓராண்டு முழுக்கப் பருவம் தோறும் ஐபேடில் வரைந்து, இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை ஒன்றோடொன்று இணைத்து, சுமார் 90 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். அருகிலுள்ள பேயூ நகரத்தின் நீளமான இடைக்காலச் சித்திரத் துணி அதற்கு முன்மாதிரி. அந்த ஓராண்டை நின்ற இடத்திலிருந்து பார்த்து முடிக்க முடியாது. பார்க்க வந்தவர்கள் குளிரிலிருந்து வசந்தத்துக்கும், வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்கும் நடந்துதான் போக வேண்டும்.