தாளமும் தோல்வாரும்

பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூரில் தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் பல்லோர்க்குப் பிழைப்பாகும். அவ்வூரன்பர் ஒருவர், தேவாரம் ஓதும் கூட்டத்திற்குத் தாளம் வாங்கச் சென்றார். ஓசையிற் சிறந்த வெண்கலத் தாளமொன்றைக் கண்டும், அதிற் கோத்திருந்தது தோல்வார் என்று அதனை விடுத்து, நூற்கயிறு கோத்த பித்தளைத் தாளத்தை வாங்கி மீண்டார். அதன் ஓசை மட்டம். "தூய்மை பெரிதோ, ஓசை பெரிதோ?" என எம்மை வினவினார்.

சீகாழிக்கு அணித்தாகிய திருக்கோலக்காவில், கையால் தாளமிட்டுப் பாடிய ஆளுடைய பிள்ளையார்க்கு இறைவன் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் ஈந்தருளினான். சுந்தரமூர்த்தி சுவாமிகளும் அத்தலப் பதிகத்தில் இதனை எடுத்தோதினார். பொன் மென்மையுடையது, தட்டினால் நாதம் நீளாது. அதற்கு ஓசை தந்தவள் அம்மை என்பது தலவழக்கு. ஓசை கொடுத்த நாயகி என்பதே அவள் திருநாமம். பொன்னாயினும் ஓசையின்றேல் தாளமாகாது என்பது இதனாற் பெறப்படும்.

நமக்கு வாய்ப்பது வெண்கலம். செம்பில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வார்ப்பே நன்கு ஒலிக்கும். துத்தநாகம் சேர்ந்த பித்தளையின் நாதம் விரைவில் அடங்கும். வாங்குவோர் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டு, ஒன்றன் விளிம்பால் மற்றதன் விளிம்பைச் சாய்வாகத் தொட்டு, ஓசை அடங்குமளவும் செவிசாய்த்துக் கேட்க. அதிர்வில் கரகரப்புத் தோன்றின் வெடிப்போ வார்ப்பிற் குழியோ உளதென்க. பாட்டின் சொல்லை விழுங்கும் பெருந்தாளமும் ஆகாது; இக்காலத்துக் கூட்டங்கள் சிலவற்றில் திருமுறை கேட்பதில்லை, தாளமே கேட்கிறது!

இனித் தோலுக்கு வருவாம். திருநாளைப்போவார் கோயிற் பேரிகைகட்குப் போர்வைத்தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துத் தொண்டு செய்தார் எனச் சேக்கிழார் கூறினர். அவர் தந்த தோல் உள்ளே முழங்கிற்று; தந்தவர் திருப்புன்கூரில் வாயிலின் புறத்தே நின்றார். அந்நிலை சட்டத்தால் நீங்க 1947 வரை செல்லவேண்டியிருந்தது. தோலை ஏற்றுத் தோற்றொழிலாளரை விலக்கியது பண்டைப் பிழை. அவர் கைபட்டதென்று வாரையும் விலக்குதல் அதன் மிச்சமேயாம். மலம் மூன்றென்னும் நம் சாத்திரத்தில் தோலென்று ஒரு மலம் இல்லை. இறைவன் உடையோ புலித்தோல், போர்வையோ ஆனைத்தோல்.

அற்றேல், கொலைக்கஞ்சித் தோலை ஒழித்தல் தவறோ எனின், அன்று. அது அருள் பற்றிய நோன்பு, போற்றத்தக்கது. ஆயின் அந்நோன்புடையார் மத்தளத்தையும் தம் காலிற் செருப்பையும் உடன் ஒழித்தல் வேண்டும். நம் அன்பர் வந்தபோது எம் வாயிலில் தோற்செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே புகுந்தார்.

அவர்க்கு யாம் சொல்லியது இவ்வளவே: அவ்வெண்கலத் தாளத்தையே வாங்குக, வார் மனத்துக்கு ஒவ்வாதேல் அவிழ்த்து நூற்கயிறு கோத்துக்கொள்க. கயிறு எதுவாயினும் விரல் உலோகத்திற் படாதபடி நீளமிருத்தல் வேண்டும்.