தெரிவித்தல் எப்போது முடிகிறது?

தெரிதல் தன்வினை, தெரிவித்தல் பிறவினை. பள்ளியில் இலக்கணம் படித்த சிறுவனும் இதனை அறிவான். ஊட்டினேன் என்று ஒருவன் சொல்லவேண்டுமாயின் மற்றொருவன் உண்டிருக்க வேண்டும். இலையில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனவன் ஊட்டியவனாகான். அங்ஙனமே, தெரிவித்தேன் என்று சொல்லும் உரிமை, மற்றவன் தெரிந்துகொண்ட பின்னரே ஒருவனுக்கு உண்டாகிறது. ஆயினும் உலக வழக்கில் இச்சொல்லை நாம் எவ்வளவு எளிதாகக் கையாளுகிறோம்! கடிதத்தைத் தபாலில் போட்டவுடன் தெரிவித்துவிட்டோம் என்கிறோம். சுவரில் அறிக்கை ஒட்டியவுடன் தெரிவித்துவிட்டோம் என்கிறோம். பிறர் உயிரைக் காக்கவல்ல செய்தியொன்றை அறிந்தவனுடைய கடமை, அதனை வாய்விட்டுச் சொன்ன அளவில் தீர்ந்துவிடுமா? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இதற்கு விடை காணாத காரணத்தால் மாண்டவர்கள் உண்டு.

1994-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில், கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரை அடுத்த ஸ்டார்ம் கிங் மலையில் இடி விழுந்து தீப்பற்றியது. புயல் வேந்தன் என்று பொருள்படும் அப்பெயரை அம்மலைக்கு யார் இட்டனரோ! தீ சிறியது. அந்நாட்களில் அவ்வட்டாரத்தில் இடியால் மூண்ட தீக்களோ பல. அணைக்கும் ஆட்களோ சிலர். ஆதலின் முதல் சில நாட்கள் இத்தீயை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. ஜூலை 6-ஆம் நாள் 49 பேர் அம்மலைமீது இருந்தனர். ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்திருந்த ஓக் புதர்களை வெட்டி, மண் தெரியச் சுரண்டி, தீ தாண்டாதபடி ஒரு கோடு இழுத்துக்கொண்டே அவர்கள் சரிவில் இறங்கினர்.

அன்று பிற்பகல் வறண்ட குளிர்காற்றுத் திரளொன்று அம்மலைத் தொடரைக் கடந்தது. குளிர்ந்த காற்று வந்தால் தீ தணியும் என்று நம்மவர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. மழையின்றி வரும் அத்தகைய காற்றின் முன்முனை கடக்கும் வேளையில் காற்று வலுக்கும், திசை மாறும், படுத்துக் கிடந்த தீ எழுந்து ஓடும். அவ்வாறே நேர்ந்தது. மாலை 4 மணி அளவில் தீ பள்ளத்தைத் தாண்டி, வேலை செய்தோருக்குக் கீழ்ப்புறம் பற்றிக்கொண்டு, சரிவின்மீது பாய்ந்தேறியது. மனிதன் மேட்டில் ஏறுந்தோறும் இளைப்பான். தீயோ ஏறுந்தோறும் விரையும். பதினால்வர் மாண்டனர். அவருள் நால்வர் பெண்கள். ஒன்பதின்மர் ஆரிகன் மாநிலத்துப் பிரைன்வில் ஊரிலிருந்து வந்த ஒரே குழுவினர்.

இதனை விதி என்பாரும் ஆண்டவன் சித்தம் என்பாரும் எந்நாட்டிலும் உளர். அவர்கள் ஒரு செய்தியைக் கேட்கவேண்டும். அக்காற்று வரப்போவது முன்னரே தெரிந்திருந்தது. மேற்கே கிராண்ட் ஜங்ஷன் நகரத்தில் இருந்த வானிலை நிலையத்தார் அதனைக் கணித்து, தீக்காலத்துக்கென்றே ஏற்பட்ட செங்கொடி எச்சரிக்கையை விடுத்திருந்தனர். பின்னர் விசாரணை செய்தவர்கள், வானிலைக் கணிப்பு தீயின் முகப்பில் நின்றோருக்கு அளிக்கப்படவில்லை என்று கண்டனர். நகரத்தில் இருந்த ஒருவருக்குத் தெரிந்த ஒன்று, மலையில் இருந்த ஒருவருக்குத் தெரியவில்லை. இடையில் நின்றது ஆண்டவன் அன்று. சில மேசைகளும் சில தொலைபேசிகளுமே.

அப்படியானால் குற்றவாளி யார்? இங்கேதான் நம் கேள்வி கடினமாகிறது. கணித்தவரைப் பிடித்தால், நான் அறிக்கை விடுத்தேன் என்பார், அது மெய். ஆட்களை ஏவிய நிலையத்தாரைக் கேட்டால், ஒரே சமயத்தில் பல தீக்களுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தோம் என்பர், அதுவும் மெய். மலைமீது இருந்த தலைவன் ஏன் கேட்கவில்லை என்றால், புகையின் நடுவே கோடாரி பிடித்திருப்பவனிடம் அதற்கும் மேலாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அமெரிக்காவில் வானிலைச் சேவை வணிக இலாகாவின் கீழ் உள்ளது. வனச் சேவை விவசாய இலாகாவின் கீழ் உள்ளது. அரசாங்க நிலங்களைக் காக்கும் பணிமனை உள்நாட்டு இலாகாவின் கீழ் உள்ளது. காற்றுக்கு ஒரு துரை, காட்டுக்கு ஒரு துரை, நிலத்துக்கு ஒரு துரை. இவர்களை ஒருங்கிணைக்க 1965-ஆம் ஆண்டிலேயே ஐடஹோ மாநிலத்து பாய்சி நகரில் ஒரு பொது நிலையம் நிறுவப்பட்டது. உச்சியில் கை கோத்துக்கொண்டனர். ஆயினும் 29 ஆண்டுகளுக்குப் பின்னும் அடியில் இடைவெளி இருந்தது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் வாசகருக்கு இது விளங்காத விஷயம் அன்று. பழைய நாளில் துரை அறிந்தது கிராணிக்குப் பாதியாக வரும். கிராணி அறிந்தது கங்காணிக்குக் காலாக வரும். விடியற்காலைப் பெரட்டில் நின்றவனுக்கு வந்ததெல்லாம் கட்டளை மட்டுமே. இந்த நிரைக்குப் போ என்பார்கள். ஏன் என்று சொல்லமாட்டார்கள். காரணம் தெரிந்தவனே நிலைமை மாறும்போது தானாகச் சிந்தித்து விலகமுடியும். கட்டளை மட்டும் பெற்றவன், கட்டளை இட்டவர் நினைத்துப் பாராத ஒன்று நேரும்போது என் செய்வான்? அறிவைத் தரத்துக்கேற்ப அளந்து கொடுக்கும் வழக்கம், சாதி பார்த்துக் கல்வி கொடுத்த வழக்கத்துக்கு உடன்பிறந்ததே என்பது நம் துணிபு.

கணித்தவர் ஒவ்வொரு மலைக்கும் ஓடி ஒவ்வொருவர் காதிலும் சொல்லமுடியுமா என்று வினவலாம். முடியாதுதான். ஆகவே கடமை, காற்று எழும் நாளுக்கு முன்பே தொடங்குகிறது. செய்தி செல்லும் பாதையை முன்னரே வெட்டி வைக்கவேண்டும். யார் யாருக்குச் சொல்வது, கேட்டவர் கேட்டேன் என்று யாரிடம் திருப்பிச் சொல்வது என்று வகுத்து வைக்கவேண்டும். அந்நாட்டில் இன்று பெருந்தீ மூளுமிடத்துக்கு வானிலை அறிஞர் ஒருவரை அனுப்புகின்றனர். அவர் முகாமிலேயே தங்கி, காலையில் வேலைக்குப் புறப்படும் கூட்டத்தின் முன் நின்று, இன்று காற்று எப்போது திரும்பும் என்று வாயால் சொல்கிறார். தீயருகே நிற்போர், தம் இடத்துக்கு மட்டும் தனிக் கணிப்பு வேண்டும் என்றும் கேட்கலாம். அதற்கு அவர்கள் தம் கையால் அளந்த வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றின் கணக்கை அனுப்புகின்றனர். மலைமீது நிற்பவன் கொடுத்த அளவின்றி மேசையில் இருப்பவனின் கணிப்பு கூர்மை அடைவதில்லை. இவ்வளவு எளிய உண்மைக்கு எத்தனை உயிர்கள் விலையாயின!

ஆனால் பாதை வெட்டியதோடு எல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்லத் துணியோம். 2013-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் அரிசோனா மாநிலத்து யார்னெல் ஊரருகே இடிமழை மேகத்தினின்று இறங்கிய காற்று தீயைத் திருப்பியடித்து, ஒரே குழுவைச் சேர்ந்த 19 பேரைக் கொன்றது. அன்று வானிலை நிலையத்தார் தொலைபேசியில் எச்சரித்தனர். அது வானொலிக் கருவி வழியே களத்துக்கும் சென்றது. பின்னர் அக்குழு எரிந்து முடிந்த காப்பான இடத்தை விட்டு இறங்கியது ஏன் என்பதைச் சொல்ல அவருள் எவரும் எஞ்சவில்லை. செய்தி காதில் விழுவதும் தெரிவதும் ஒன்றல்ல போலும். நம் இலக்கணம் அவ்விடத்தில் நம்மைக் கைவிடுகிறது. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்திராவின் எரியும் சதுப்பு நிலங்களிலிருந்து புகைமூட்டம் நம்மை நோக்கி வருகிறது. 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. வானிலையையும் தீயையும் கவனித்து அண்டை நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்க, 1993-ஆம் ஆண்டு முதல் ஆசியான் வானிலை நிலையம் சிங்கப்பூரில் இயங்கி வருகிறது. எல்லை கடக்கும் புகையைப் பற்றிய உடன்படிக்கை 2002-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கையெழுத்தாயிற்று. இந்தோனேசியா அதனை 2014-ஆம் ஆண்டில்தான் உறுதிப்படுத்தியது. மலேசிய வானிலை இலாகா, எந்த வட்டாரத்தில் தீ எளிதில் பற்றும் என்று கணித்து வெளியிடுகிறது. ஆக, தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. புல் காய்ந்து, காற்று வலுக்கும் நாளில் தீக்குச்சியைக் கையில் எடுப்பவனிடம் இவற்றுள் எது போய்ச் சேருகிறது?

அவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான் என்று சொல்லி நாம் தப்பமுடியாது. நம் நாட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இன்று பெரட்டில் நிற்போர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டனார் நின்ற இடம் அது. புகை அளவு ஏறிய காலையில், அலுவலகத்துக்கு வந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர்கள் முன் வந்து நிற்பவர் யார்? எம்மொழியில் படிக்கிறார்?